சுரங்கமும் ஓடையும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே இரயிலில் சென்ற நேயர்கள் வாளையாற்றை அறிவார்கள். தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் அவ்விடத்தில், கேரள அரசுக்குச் சொந்தமான மலபார் சிமெண்டு ஆலை 1984ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிற்று. அதற்கு வேண்டிய சுண்ணாம்புக்கல், அண்மையிலுள்ள பண்டாரத்து மலையில் வெட்டப்பட்டது. இப்பகுதி மலைகளில் பிறக்கும் நீர், வாளையாறு, கோரையாறு, மலம்புழையாறு எனப் பிரிந்தோடிக் கல்பாத்தியாற்றில் சேர்கிறது. அதுவே பரளியில் கண்ணாடியாற்றோடு கூடிப் பாரதப்புழையாகிறது. 1955இல் திறக்கப்பட்ட மலம்புழை அணை, பாலக்காட்டில் வயலுக்கும் வீட்டுக்குடத்துக்கும் நீர் தருவது. ஆதலால் மலையோடையின் நலம் சமவெளி ஊர்களின் நலமே ஆகும்.

சுரங்கத்தருகே ஒரு குப்பி நீரெடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதாதா எனக் கேட்கலாம். போதாது. நீரில் கரைந்த சுண்ணாம்பு, வெள்ளம் பெருகும்போது நீர்த்துத் தோன்றும்; கோடையில் செறிந்து தோன்றும். வண்டல் மண்ணோ மழை நாளில்தான் பெருகிவரும். ஆகவே நீரின் தன்மையோடு அதன் அளவையும் ஒரே நாளில் அறிதல் வேண்டும்.

அளக்கும் முறை எளிது. ஓடையின் அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.3 மீட்டர் எனக் கொள்வோம். குறுக்குப் பரப்பு 0.6 சதுர மீட்டர். மிதக்கவிட்ட கட்டை 10 மீட்டரை 20 விநாடியில் கடந்தால், மேற்பரப்பு வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அடியில் வேகம் குறைவாதலால் இதை 0.85ஆல் பெருக்குவர். விடை, விநாடிக்கு 255 லிட்டர். அந்நீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வண்டல் இருப்பின், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4.4 டன் மண் செல்கிறது. அம்மண் அணையில் படிந்தால் நீர்க்கொள்ளளவு குறையும்.

இவ்வளவும் சுரங்கத்தின் செயலா? அதை அறியச் சுரங்கத்துக்கு மேலே ஓரிடத்திலும், கீழே ஓரிடத்திலும் அளந்து வேறுபாட்டைக் காணவேண்டும். மேலே 20 மில்லிகிராம் மட்டுமே இருந்து, நீரின் அளவும் மாறாதிருந்தால், இடையில் சேர்ந்தது நாளுக்கு 4 டன். கல் வெட்டத் தொடங்குமுன் எடுத்த கணக்கும் இருந்தால் தீர்ப்பு இன்னும் உறுதியாகும்.

எதைச் சோதிப்பது என்பது கல்லின் இயல்பைப் பொறுத்தது. சுண்ணாம்புச் சுரங்கத்தருகே கலங்கலையும் கடினத்தன்மையையும் முதலில் பார்ப்பர். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று என்பது இந்தியத் தர அளவு. மேகாலயத்தின் ஜெயந்தியா மலையிலோ, கந்தகம் கலந்த நிலக்கரியால் ஓடைகள் அமிலமாயின. அங்கே காரகாடித்தன்மையே முதற்சோதனை.

சுற்றுச்சூழல் இசைவு பெற்ற சுரங்கங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றியமை குறித்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு விதி. நேயர்கள் எம்மாநிலத்தில் வாழ்ந்தாலும், அருகில் சுரங்கம் இருப்பின் அவ்வறிக்கையைக் கேட்டு வாங்கலாம். நீர் எடுத்த நாள் மழைநாளா, கோடைநாளா? மேலும் கீழும் எடுத்தார்களா? நீரோட்டத்தை அளந்தார்களா? இவற்றுக்கு விடையில்லாத அறிக்கையில் எண்கள் எத்தனை இருந்தாலும், ஓடையின் நிலை அதனால் விளங்காது.