நகச்சுரண்டி சொல்லும் சேதி

இங்கிலாந்தில் உழுது போட்ட வயல்களில், உலோகங்காட்டும் கருவியோடு பொழுதுபோக்காக அலைகிறவர்கள் உண்டு. காசு கிடைக்காதா என்று தேடுகிறவர்களுக்குச் சில நேரம் விரல் நீளம்கூட இல்லாத ஒரு வெண்கலத் துண்டு அகப்படும். ஒரு முனையில் கோத்துத் தொங்கவிட ஓட்டை, மறுமுனை பாம்பு நாக்கு மாதிரி பிளவு. ரோமானியர் காலத்து நகச்சுரண்டி அது.

இது தனியாக இருந்த சாமான் இல்லை. நகச்சுரண்டி, முடி பிடுங்கும் இடுக்கி, காதுக் குறும்பி எடுக்கும் குட்டிக் கரண்டி மூன்றையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்திருந்தார்கள். நம் தாத்தாக்களின் அரைஞாணில் முள்வாங்கியும் குறும்பிவாங்கியும் சேர்ந்து தொங்கியதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்! ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அழுக்கும் முள்ளும் எல்லா ஊருக்கும் பொதுதானே.

ராக்சிட்டர் என்ற பழைய ரோமானிய நகரில் மட்டும் 50-க்கும் மேற்பட்ட இடுக்கிகள் கிடைத்துள்ளன. 2023-ல் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். குளியல் மண்டபத்தில் முடி பிடுங்குவதற்கென்றே ஆள் இருப்பான். அவன் கூவுகிற கூச்சலைத் தத்துவஞானி செனகா ஒரு கடிதத்தில் அலுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

எனக்கு வியப்பு இந்த நகச்சுரண்டியில்தான். இடுக்கியும் காதுக் கரண்டியும் ரோமப் பேரரசு முழுக்கக் கிடைக்கின்றன. பிளவு முனை நகச்சுரண்டியோ பிரிட்டனில்தான் ஏராளம், கடல் தாண்டினால் அபூர்வம். கி.பி. 43-ல் ரோமப் படை வந்து இறங்குமுன்பே அங்கே அது புழக்கத்தில் இருந்திருக்கிறது. ஆக, 'ரோமானியப் பொருள்' என்று நாம் சீட்டு ஒட்டுவது, உள்ளூர்க்காரன் விடாமல் வைத்துக்கொண்ட சொந்தப் பழக்கம்!

இதைத் தெரிந்துகொள்ள ஒரு துண்டு போதாது. எது எந்த ஊரில் கிடைத்தது என்ற விவரம் வேண்டும். அங்கே 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் முக்கியமாகப் பொன், வெள்ளிக்கானது. ஒற்றை வெண்கலத் துண்டு பெரும்பாலும் அதில் வராது. அதனால் 1997-ல் தொடங்கிய பதிவுத் திட்டத்தில், எடுத்தவர்கள் தாமாகவே போய்க் காட்டுகிறார்கள். இதுவரை 15 லட்சம் பொருள்களுக்கு மேல் பதிவாகியுள்ளன. பதிந்த பிறகு பொருள் பெரும்பாலும் அவர்களிடமே திரும்பிவிடும்.

காட்டும்வரை அதைத் தேய்க்கக் கூடாது. நம் வீட்டுப் பெண்களிடம் கொடுத்தால் புளி போட்டுப் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். அந்தப் பச்சைக் களிம்பில்தான் பழைய கொல்லன் கீறிய கோடுகள் தங்கியிருக்கும்.