பெருந்தொற்றுக் காலத்தில் பயண எச்சரிக்கைகள்: ஒரு நோக்கு

தொற்றுநோய் பரவத் தொடங்கியதும் அரசுகள் முதலில் வெளியிடுவனவற்றுள் பயண எச்சரிக்கையும் ஒன்று. நோய் உலகெங்கும் பரவிவிட்ட பின்னும் அவ்வெச்சரிக்கைக்குப் பொருள் உண்டா என்பதை இங்கு ஆராய்வோம்.

முதற்கண் 2003ஆம் ஆண்டின் சார்ஸ் நோயைக் காண்போம். உலகச் சுகாதார நிறுவனம் ஏப்ரல் 2ஆம் நாள் ஹாங்காங், குவாங்டோங் ஆகியவற்றுக்கும், ஏப்ரல் 23ஆம் நாள் பெய்ஜிங், ஷான்சி, டொரொன்டோ ஆகியவற்றுக்கும் செல்லும் பயணங்களுள் இன்றியமையாதன தவிர ஏனையவற்றைத் தள்ளிவைக்குமாறு அறிவுறுத்தியது. சார்ஸ் நோயாளிகள் பெரும்பாலும் அறிகுறிகள் தோன்றிய பின்னரே பிறருக்கு நோயைப் பரப்பினர். நோயும் சில இடங்களிலேயே நிலைகொண்டிருந்தது. ஆதலால் ஆபத்துள்ள இடம் எது, அற்ற இடம் எது எனப் பிரித்துக் காட்ட இயன்றது. ஜூலை 5ஆம் நாள் பரவல் கட்டுக்குள் வந்ததாக அறிவிக்கப்பட்டது. இதற்கு எச்சரிக்கை மட்டுமே காரணமன்று. நோயாளிகளைத் தனிமைப்படுத்தியதும் அவர்களோடு தொடர்புடையோரைக் கண்டறிந்ததுமே பெரிதும் துணைநின்றன.

2009ஆம் ஆண்டின் எச்1என்1 சளிக்காய்ச்சல் இதனின்று வேறுபட்டது. அறிகுறி தோன்றுவதற்கு முன்னரே அது தொற்றக்கூடியது. ஜூன் 11ஆம் நாள் பெருந்தொற்று என அறிவிக்கப்பட்டபோது 74 நாடுகளை எட்டியிருந்தது. அந்நிலையில் எல்லைகளை மூடுமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. புறப்படும் ஊரிலும் போய்ச் சேரும் ஊரிலும் ஒரே நோய் பரவுமாயின், பயணத்தால் கூடும் ஆபத்து சிறிதே என்பது தெளிவு.

கோவிட்-19 காலத்தில் மற்றொரு சிக்கலும் வெளிப்பட்டது. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா ஓமிக்ரான் திரிபைப் பற்றி உலகிற்குத் தெரிவித்தது. உடனே பல நாடுகள் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளிலிருந்து வருவோரைத் தடுத்தன. ஆயினும் அத்திரிபு அதற்குள் பிற கண்டங்களையும் அடைந்திருந்தது. உண்மையை உரைத்த நாடே தண்டனை பெறுமாயின், அடுத்த முறை எந்நாடு முன்வந்து உரைக்கும்?

கட்டுப்பாடுகளின் விலையை நம் வட்டாரமும் நன்கறியும். 2020 மார்ச் 18 முதல் 2022 ஏப்ரல் 1 வரை ஜொகூர் கடற்பாலத்தில் இயல்பான போக்குவரத்து இல்லை. இக்கரையில் உழைத்தோர் பலர் அக்கரையிலிருந்த பெற்றோரையும் பிள்ளைகளையும் மாதக்கணக்கில் காணாது தவித்தனர்.

எனினும், எச்சரிக்கையே வேண்டா என்பது நம் கருத்தன்று. தொடக்கக் கட்டத்தில் அது மருத்துவமனைகள் ஆயத்தமாவதற்குச் சிறிது காலம் ஈட்டித் தரலாம். நோய் பரவிய பின்னரோ, செல்லுமிடத்தில் மருத்துவ வசதி போதுமா, இடைவழியில் சிக்கிக்கொள்ள நேருமா, முதியோர்க்கு எத்தகைய காப்பு வேண்டும் என்பனவற்றை உரைப்பதே பயன் தரும். காரணமும் கால எல்லையும் கூறும் எச்சரிக்கை அறிவுரையாகும். அவையற்றது அச்சத்தை மட்டுமே வளர்க்கும்.