தீர்மானத்தை எப்போது எழுதுகிறார்கள்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஓர் ஊரில் கிராம சபை. பள்ளிக்கூட வாசலில் ஷாமியானா, வாடகை நாற்காலிகள். பேச்சு தொடங்கும் முன்பே ஒரு நோட்டு கைமாறி வந்தது. பெயர், பக்கத்தில் கையெழுத்து அல்லது ரேகை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், “போட்டாச்சா? கெளம்பலாமா?” என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். இருந்தவர்கள் பேசினார்கள். போர் தண்ணீரில் வாடை, ராத்திரி நேரத்துப் புகை, லாரி ஓடிக் குழியான ரோடு. ஊராட்சிச் செயலர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முடியும் நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்தார்.

“இன்னா தீர்மானம் போட்டீங்கன்னு படிச்சுக் காட்டு சார்.”

“ஆபீஸ்ல போய்த்தான் பெரியவரே எழுதணும்.”

யாருக்கும் இது புதிதாகப் படவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

நோட்டு முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும். கோரம் கணக்கில் காட்டும் கறாரில் பாதியைத் தீர்மானம் எழுதுவதில் காட்டினால் போதும்.

ஆலைகளுக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இதற்கு நேர்மாறு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அதற்குக் கோரமே கிடையாது. ஆனால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும். பேசியதன் சுருக்கத்தை, கூட்டம் முடியும்போது உள்ளூர் மொழியில் எல்லோருக்கும் படித்துக்காட்டி, கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ அன்றே கையெழுத்திட வேண்டும். பெரியவர் கேட்டதும் இவ்வளவுதான்.

சிப்காட் ஓரத்து ஊர்க்காரர்களுக்கு அந்தக் கூட்டமும் சுலபத்தில் வாய்க்காது. முறைப்படி அனுமதி பெற்ற தொழிற்பூங்காவுக்குள் வரும் ஆலைக்குத் தனியாகக் கருத்துக்கேட்பு நடத்தத் தேவையில்லை என்று அதே அறிவிக்கை விலக்கு தருகிறது. பூங்காவுக்கு ஒருமுறை கேட்டால் சரி. அதன்பின் உள்ளே எது வருகிறது என்பது, கம்பெனி போர்டு மாட்டிய பிறகுதான் பலருக்குத் தெரியும்.

கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையை இங்கே சொல்லியாக வேண்டும். பட்டியலின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஆடுமாடு மேய்த்த, விறகு பொறுக்கிய, ஏரிகளுக்குத் தண்ணீர் இறங்கிவந்த 1,127 ஏக்கர் மேய்க்கால் நிலமும் காடும் சிப்காட்டுக்குப் போனது. கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள், போராடினார்கள். மிச்செலின் டயர் ஆலை வந்தது. 2012-இல் ஊர்ச் சங்கம் பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து பாரிஸில் புகார் கொடுத்தது. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) வகுத்த நெறிமுறைகளைப் பன்னாட்டு நிறுவனங்கள் மதிக்கின்றனவா என்று பார்க்க அங்கே ஓர் அலுவலகம் இருக்கிறது. திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்கு பஸ்ஸில் போய்வந்துவிடலாம். அந்த ஜனங்களின் பேச்சு பாரிஸ் வரை போக வேண்டியிருந்தது.

இதே மாவட்டத்துக் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு அந்த விலக்கு இல்லை, கருத்துக்கேட்பு கட்டாயம்தான். 2021 ஜனவரி 22 என்று நாள் குறித்தார்கள், கொரோனா என்று தள்ளிவைத்தார்கள். மறுபடி 2023 செப்டம்பர் 5 என்றார்கள், அதையும் தள்ளிவைத்தார்கள்.

இதற்கிடையே, 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி நிர்வாகங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்களான பி.டி.ஓ.க்களிடம் போனது. தலைவர்கள் இருந்த காலம் பொற்காலம் என்று சொல்லவில்லை. இதே வட்டாரத்து ஆத்துப்பாக்கத்தில் 2020 சுதந்திர தினத்தன்று, பட்டியலினப் பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. ஐந்து நாள் கழித்து கலெக்டர் நேரில் வந்துதான் ஏற்ற வைத்தார். இருந்தாலும், வாக்குக் கேட்டு வந்தவரைத் தெருவில் மறித்துக் கேட்கலாம். பி.டி.ஓ.வை எந்தத் தெருவில் மறிப்பது?

பெரியவரைப் பிறகு டீக்கடையில் பார்த்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறாராம். வெள்ளைத்தாள் ஒன்று, பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப். பத்தாவது படிக்கும் பேத்தி எழுதிக் கொடுத்திருந்தாள். கேள்வி ஒன்றே ஒன்று: அன்றைக்கு நான் போட்ட கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது?