டீ எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுங்கள்

ஆனி, ஆடியில் குற்றாலம் வந்து சேரும் வேன்களின் பின்கதவைத் திறந்தால் அண்டா, அரிசி மூட்டை, அடுப்பு, ஓரமாக ஒரு சிலிண்டர் என்று பாதிச் சமையலறை இறங்கும். ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிறவனின் பசிக்கு ஓட்டல் வரிசை தாங்காது. அதனால் பெருங்குடும்பமாக வருகிறவர்கள் சமையல்காரரையும் கையோடு கூட்டி வந்துவிடுகிறார்கள். சக்கரத்தின் மேல் சமையல் இந்த ஊருக்குப் பழக்கமானதுதான். அந்தச் சமையலறை வண்டிக்குள்ளேயே குழாயும் வால்வுமாக நிரந்தரமாகக் குடியேறத் தொடங்கியிருப்பதுதான் புதிது. செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவு ஏறினால் கேரளம். அங்கே 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தார்கள். மறு ஆண்டு வாகமண்ணில் கேரவன் பூங்காவும் வந்தது. இந்தப் பக்கமும் பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை வைத்து ஊர் சுற்றுகிறவர்கள் பெருகி வருகிறார்கள்.

இந்த வண்டிகளின் மூல வடிவம் குளிர் நாடுகளில் பிறந்தது. அங்கே அடுப்பு, வெந்நீர்க் கொதிகலன், அறையைச் சூடாக்கும் ஹீட்டர் எல்லாமே புரொப்பேனில் ஓடும். குளிர்சாதனப் பெட்டிகூட அப்படித்தான். சுவீடனில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் 1922இல் உருவாக்கிய முறையில், ஒரு சிறு தீச்சுடர் அம்மோனியாவைச் சூடாக்கிச் சுழல வைக்க, பெட்டி குளிர்கிறது. நெருப்பை வைத்து ஐஸ் செய்யும் அந்த வித்தை எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அங்கே ஏன் தனிப் புரொப்பேன்? பியூட்டேன் சுழியத்துக்கு அரை டிகிரி கீழேயே கொதிப்பதை நிறுத்திவிடும். பனிக்காலத்தில் சிலிண்டருக்குள் திரவமாகச் சும்மா கிடக்கும். புரொப்பேனுக்கு அந்த எல்லை மைனஸ் 42. நம் வீட்டுச் சிலிண்டரில் இரண்டும் கலந்திருக்கின்றன. சாரலடிக்கும் குற்றாலத்துக்கு அந்தக் கலவை தாராளம்.

ஆனால் இங்கே ஹீட்டர் எதற்கு? கழற்றிவிடுகிறார்கள். கூரையில் சோலார் பலகை வந்ததும் குளிர்சாதனப் பெட்டி பேட்டரிக்கு மாறுகிறது. இண்டக்ஷன் வந்ததும் அடுப்பும் போகிறது. சாதனங்கள் ஒவ்வொன்றாக இறங்கிப்போக, குழாய்கள் மட்டும் தங்கிவிடுகின்றன: பலகைக்குப் பின்னே, தரைக்கு அடியில், ஆள் படுக்கும் கட்டிலுக்குக் கீழே. மோட்டார் கேரவன்களுக்கென்று ஏஐஎஸ்-124 என்ற தரநிலை நம் நாட்டில் உண்டு. அது வண்டி உருவாகும்போது பார்க்கும். பல ஆண்டு கழித்து ஒரு பட்டறையில் எதைக் கழற்றினார்கள், எதை அப்படியே விட்டார்கள் என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது. சீசன் விடுதிகளிலும் இதே கதை நடக்கலாம். சமையலறையாக இருந்த இடம் அறையாக மாறும். சுவருக்குள் கேஸ் லைன் அப்படியே இருக்கும்.

சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது. கொட்டிய மோர் போலத் தரையோடு பரவிப் பள்ளம் தேடும். காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஆள் உயரம் கொண்ட ஒரு வண்டி முழுவதும் அந்த அளவுக்குக் கலக்க ஏறக்குறைய 800 கிராம் கேஸ் வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் என்றால் 80 கிராமே போதும். வீட்டு ரெகுலேட்டர் தரும் அழுத்தத்தில், ஒரு மில்லிமீட்டர் துளை மணிக்கு 200 கிராம் வரை கக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. சாரலுக்குப் பயந்து சன்னலை மூடிவிட்டுத் தூங்கும் வண்டியில் அது இன்னும் எளிது. நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்பார்கள். கேஸில் கலக்கும் மெர்காப்டன் அதற்குத்தான். ஆனால் உள்ளேயே இருப்பவரின் மூக்கு அதற்கு விரைவில் பழகிப்போகும். தூங்குகிறவர் மூக்கை நம்பவே முடியாது.

பூட்டிய பெட்டியில் கேஸ் என்ன செய்யும் என்பதை மதுரை பார்த்திருக்கிறது. லக்னோவிலிருந்து வந்த தனியார் சுற்றுலா ரயில் பெட்டி ஒன்று 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை அங்கே நிறுத்தப்பட்டிருந்தபோது தீப்பிடித்தது. 9 பேர் இறந்தார்கள். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுசெல்லப்பட்ட சிலிண்டரே காரணம் என்றது ரயில்வே. அங்கே பிரச்சினை குழாய் அல்ல. ஆனால் படுக்கையும் அடுப்பும் ஒரே கூட்டுக்குள் இருந்தால் தப்பிக்க எவ்வளவு குறைந்த நேரம் கிடைக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, கைவிடப்பட்ட லைனை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய வண்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் அடுப்பிலிருந்து பின்னோக்கித் தேடுகிறார்கள். அது தவறான திசை. அடுப்பே இல்லாத குழாய் அந்தத் தேடலில் அகப்படாது. சிலிண்டரிலிருந்து புறப்பட வேண்டும். ரெகுலேட்டரைத் தாண்டி, வண்டியின் அடிப்பக்கமாகப் போகும் முதன்மைக் குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே போனால், கிளை பிரியும் இடங்களில் எல்லாம் T வடிவில் ஒரு டீ இணைப்பு இருக்கும். அவற்றை எண்ணுங்கள். ஒரே சிலிண்டரிலிருந்து கிளம்பும் குழாயில், டீக்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை முனைகள் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒரு டீ, இரண்டு முனை. நான்கு டீ, ஐந்து முனை. நான்கு வழி இணைப்பு இருந்தால் அதை இரண்டு டீயாகக் கொள்ளவும். வண்டிக்குள் ஓடும் சாதனங்கள் மூன்று, கணக்கு ஐந்து என்கிறது என்றால், இரண்டு வாய்கள் எங்கேயோ ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்வரை சிலிண்டரைத் திறக்கக் கூடாது. மரக்கிளைகளுக்கும் ஆற்றின் வாய்க்கால்களுக்கும் பொருந்தும் அதே கணிதம்தான். டார்ச் லைட்டைவிட நம்பகமானது.

கண்டுபிடித்ததும் பலரும் செய்வது, முனையில் இருக்கும் வால்வை மூடிவிட்டு நிம்மதியாவது. வால்வு திறப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள். முழங்கால் இடித்தால், பெட்டி உரசினால், குழந்தை விளையாடினால் திறக்கும். உள்ளே இருக்கும் அடைப்பும் நாளாக நாளாகத் தேயும். செம்புக் குழாயைக் குறடால் நசுக்கி மடக்குவது, எம்-சீல் அப்புவது, டேப் சுற்றுவது இவையெல்லாம் தண்ணீர்க் குழாய்ப் பழக்கம், கேஸுக்கு ஆகாது. போட வேண்டியது அதே அளவு, அதே மரையுள்ள பித்தளை டம்மி மூடி. அதையும் குழாயின் கடைசி முனையில் போடுவதைவிட, கிளை பிரியும் டீயிலேயே போடுவது மேல். இல்லாவிட்டால் மூடிய முனைவரை குழாய் முழுவதும் கேஸ் நிரம்பி, யாருக்கும் பயனில்லாமல் வண்டியோடு குலுங்கிக்கொண்டிருக்கும். என்றாவது ஒருநாள் அலமாரி மாட்ட டிரில் போடுகிறவர் அதில் துளை போடுவார். இன்னும் சுத்தமான வழி, டீயையே எடுத்துவிட்டு நேர் இணைப்பு போடுவது. ஒரு சிறு எச்சரிக்கை: முனையை விரித்துப் பொருத்தும் ஃபிளேர் இணைப்பில் உலோகமும் உலோகமும் அழுந்துவதுதான் அடைப்பு, அங்கே டெஃப்லான் டேப் சுற்றினால் கெடுதலே. எதுவானாலும் வேலையை கேஸ் மெக்கானிக் செய்யட்டும். நீங்கள் எண்ணுங்கள்.

அரைகுறை மூடியின் விலையை வட கடலில் பார்த்தார்கள். பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று பராமரிப்புக்காக ஒரு பாதுகாப்பு வால்வைக் கழற்றி, திறந்த குழாய்க்கு ஒரு தட்டு மூடி வைத்திருந்தார்கள். அது இறுக முடுக்கப்படவில்லை. அந்தக் குழாயின் பம்பை இயக்கக் கூடாது என்ற தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இயக்கினார்கள், 167 பேர் இறந்தார்கள். ஆகவே மூடியோடு ஒரு அட்டையும் கட்டுங்கள்: எந்தச் சாதனத்தின் லைன், என்று மூடப்பட்டது, யார் மூடினார் என்று. அடுத்து இந்த வண்டியை வாங்குகிறவருக்கு உங்கள் நினைவு கிடைக்கப்போவதில்லை.

மூடியது சரியா என்று பார்க்கச் சோப்பு நுரை நல்லது. நீங்கள் பூசிய இடத்தை மட்டும் அது சொல்லும். முழு லைனையும் சொல்வது அழுத்தம். வளைத்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி ஒரு முனையைக் கேஸ் லைனில் மாட்டினால், ரெகுலேட்டரின் அழுத்தம் இரு பக்கத் தண்ணீருக்கும் இடையே சுமார் ஓர் அடி வித்தியாசத்தைக் காட்டும். சிலிண்டரை மூடிவிட்டு அந்த மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. குற்றாலத்தில் இதில் ஒரு சிக்கல். குழாய்க்குள் அடைபட்ட வாயு ஒரே ஒரு டிகிரி சூடானால், தண்ணீர் மட்டம் மூன்றரை சென்டிமீட்டர் ஏறும். சாரல் விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்தில், கசிவால் இறங்க வேண்டிய மட்டம் சூட்டால் ஏறி, இரண்டும் சமமாகிவிடலாம். லைன் சுத்தம் என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவீர்கள். மேகம் திரும்ப வந்தால் நல்ல லைனும் கசிவது போலத் தெரியும். விடியுமுன், அல்லது நாள் முழுக்க மூட்டமாக இருக்கும்போது, நிழலில் சோதிப்பதே சரி.

சோப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தைப் பித்தளையில் பூசக் கூடாது. காரணம் தெரிந்த கதை சுவையானது. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடித்துப் பிளந்தன. இதற்குச் சீசன் விரிசல் என்று பெயர் வைத்தார்கள். மூர், பெக்கின்சேல், மல்லின்சன் மூவரும் 1921இல் விளக்கம் தந்தார்கள்: ஈரம், குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, வடிவமைக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசை மூன்றும் சேர்ந்தால் பித்தளை படிகப் படிகமாகப் பிரியும். அளவுக்கு மீறி முடுக்கிய நட்டில் அந்த இழுவிசை எப்போதும் உண்டு. கேரவனில் கழிப்பறைத் தொட்டி எங்கே இருக்கிறது, கேஸ் லைனின் டீ அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பக்கத்தில் இருந்தால், டம்மி போட வேண்டிய முதல் இடமும், ஆண்டுக்கு ஒருமுறை நட்டை மாற்ற வேண்டிய இடமும் அதுதான். நடுவில் எப்போதாவது கேஸ் நாற்றம் அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் கதவுகளைத் திறந்து, சிலிண்டரை மூடி, எல்லோரும் இறங்கித் தள்ளி நின்றபிறகு 1906ஐ அழையுங்கள்.