லூபஸ் தாயின் வயிற்றில் குழந்தையின் இதயம் ஏன் தடுமாறுகிறது?

உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய் உள்ள பெண் கருவுற்றதும் வீட்டார் முதலில் சொல்வது, "மாத்திரையை நிறுத்திடும்மா." பிள்ளைக்கு ஆகாதோ என்ற பயம். உண்மையில் லூபஸுக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் ஆபத்து: அடங்கியிருந்த நோய் தலைதூக்கலாம், சிறுநீரில் புரதம் இறங்கலாம்.

பிள்ளைக்கு வரும் சிக்கல் வேறு வழியில் வருகிறது. தாயின் எதிர்ப்பொருள்களை நஞ்சுக்கொடி கருவுக்குக் கடத்துகிறது. பிறந்த குழந்தையைக் கிருமிகளிடமிருந்து காக்கும் ஏற்பாடு அது. சில தாய்மாரிடம் உள்ள 'ஆன்டி-ரோ' எதிர்ப்பொருளும் அதே வழியில் போய்விடுகிறது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கொண்டுசெல்லும் திசுவை அது தழும்பாக்கினால், நிமிடத்துக்கு 140 முறை துடிக்க வேண்டிய இதயம் 60-க்கு இறங்கிவிடும். மின்துடிப்பு கீழறைக்கே போகாத இந்த முழு அடைப்பு மீளாது. பல பிள்ளைகளுக்குப் பேஸ்மேக்கர் வேண்டியிருக்கும்.

பெரும்பாலும் 18 முதல் 24 வாரத்துக்குள் இது நேர்வதால் அப்போது கருவின் இதயத்தை எக்கோவில் பார்க்கிறார்கள். வயிற்றில் ஜெல் தடவி, திரையையே பார்த்துப் படுத்திருக்கும் பெண்ணுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: ஆன்டி-ரோ உள்ள தாய்மாரிலும் நூற்றில் ஏறத்தாழ இருவருக்கே இந்த அடைப்பு வருகிறது. முதல் பிள்ளைக்கு அடைப்பு வந்திருந்தால், ஹைட்ராக்சிகுளோரோகுயின் இரண்டாம் பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பைக் குறைக்கிறது.