ஷஹ்பா: ஒரு பேரரசன் பாதியில் விட்ட ஊர்

சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸிலிருந்து தெற்கே ஸுவைதா நகருக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஸுவைதாவுக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் முன்னால் ஷஹ்பா வருகிறது. துரூஸ் மக்கள் பெரும்பான்மையாக வாழும் சிற்றூர் இது. ஊரின் குறுக்கே ஓடும் இரண்டு பெரிய தெருக்களும் 3ஆம் நூற்றாண்டில் ரோமானியப் பொறியாளர்கள் கயிறு பிடித்துப் போட்ட தெருக்கள். வடக்கு தெற்காக ஒன்று, கிழக்கு மேற்காக ஒன்று. அன்று பாவிய கல்தளத்தின் மேல் இன்றும் சில இடங்களில் நடக்கலாம்.

ஊரே கறுப்பு. சுற்றிலும் இருப்பவை அணைந்துபோன எரிமலைகள். அவை கக்கிய குழம்பு இறுகிப் பசால்ட் பாறையானது. மரம் அரிதான நாடு என்பதால் உத்தரம், சட்டம், கதவு எல்லாவற்றுக்கும் இந்தக் கல்லையே நம்ப வேண்டியிருந்தது. அறையின் நடுவே ஒரு கல்வளைவு எழுப்புவார்கள். சுவரின் உச்சியிலிருந்து தாங்குகற்களை உள்நோக்கி நீட்டுவார்கள். வளைவுக்கும் தாங்குகல்லுக்கும் இடையே நீண்ட கற்பலகைகளை அடுக்கினால் கூரை தயார். கதவும் ஒரே கல்தான். மேலும் கீழும் செதுக்கிய குடுமிகள் கல்குழியில் உட்கார்ந்து சுழலும். ஹவ்ரான் என்று பெயர்பெற்ற இந்தப் பகுதி முழுவதும் இதே கட்டுமானம்தான். பழைய ஊர்கள் இடியாமல் நின்றதற்கும், பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள் அவற்றில் குடியேற முடிந்ததற்கும் இதுவே காரணம்.

ஷஹ்பாவின் கதை ஒரு தனிமனிதனின் ஏற்றத்தில் தொடங்குகிறது. ஏறத்தாழ கி.பி. 204இல் இந்த வட்டாரத்தில் பிறந்த மார்க்கஸ் ஜூலியஸ் பிலிப்பஸ், ரோமப் படையில் உயர்ந்து பேரரசரின் மெய்க்காவல் படைத் தலைவரானார். பாரசீகத்துக்கு எதிரான படையெடுப்பின்போது 244இல் இளம் பேரரசர் மூன்றாம் கோர்டியன் இறந்ததும் அரியணை பிலிப்பின் கைக்கு வந்தது. சாவில் அவருக்குப் பங்கு உண்டா என்ற சந்தேகம் பண்டைய வரலாற்று நூல்களிலேயே இருக்கிறது. பாரசீக மன்னர் ஷாபூருக்குப் பெருந்தொகை கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டு பிலிப் ரோமுக்குத் திரும்பினார். வரலாறு அவரை ‘அராபியர் பிலிப்’ என்றே குறிக்கிறது.

சொந்த ஊரை அவர் மறக்கவில்லை. சின்னக் கிராமமாக இருந்ததை மதிலும் வாயில்களும் கொண்ட நகரமாக்கி, ‘பிலிப்போபோலிஸ்’ என்று தன் பெயரையே சூட்டி, ‘கொலோனியா’ என்னும் உயர்ந்த நகரத் தகுதியையும் அளித்தார். (பல்கேரியாவில் இன்று புளோவ்திவ் எனப்படும் ஊருக்கும் பழைய பெயர் இதுவேதான், அது மாசிடோனிய மன்னர் பிலிப்பின் பெயரால் வந்தது.) இறந்துபோன தந்தை ஜூலியஸ் மாரினஸ் ஒருநாளும் ஆட்சியில் இருந்தவர் அல்லர். ஆனாலும் மகன் அவரைத் தெய்வமாக்கினார். கழுகு ஒன்று மாரினஸைச் சுமந்து செல்லும் காட்சி இந்நகரின் நாணயங்களில் உண்டு. பேரரசர்கள் தங்கள் முன்னோர் பேரரசர்களைத் தெய்வமாக்குவது ரோமில் வழக்கம். ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு அந்த மரியாதை கிடைத்தது அபூர்வம்.

248இல் ரோம் நகரின் ஆயிரமாவது ஆண்டைப் பிலிப் பெரிய விளையாட்டுகளோடு கொண்டாடினார். சிங்கம், நீர்யானை போன்ற விலங்குகள் பொறித்த நாணயங்கள் அந்த விழாவின் நினைவாக வெளிவந்தவை. அடுத்த ஆண்டே எதிரி டேசியஸுடன் இத்தாலியில் நடந்த போரில் அவர் மாண்டார். மகனும் கொல்லப்பட்டான். பணம் கொடுத்தவர் போனதும் பிலிப்போபோலிஸில் உளிச்சத்தம் ஓய்ந்தது என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மதிலுக்குள் திட்டமிட்ட பரப்பு முழுவதும் கட்டடங்களால் நிரம்பவே இல்லை.

கட்டி முடிந்த வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறுக்குத் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் நான்கு தூண்மேடைகள் நின்றன. தெற்கு வாயிலில் மூன்று வளைவுகள்: நடுவில் அகலமானது, இருபுறமும் சிறியவை. பொதுக் குளியல் மண்டபம் ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பிரம்மாண்டம். கால்வாய்ப் பாலம் வழியாக அதற்குத் தண்ணீர் வந்தது. சுவர்களில் வரிசையாகத் தெரியும் சிறு துளைகள், கறுப்புக் கல்லை மறைக்கச் சலவைக்கல் பலகைகளைப் பொருத்திய இடங்கள். பலகைகள் எப்போதோ போய்விட்டன.

நாடக அரங்கு சிறியது. விட்டம் 40 மீட்டரைச் சற்றே தாண்டும். குன்றின் சரிவில் சாய்க்காமல், சமதரையில் கவிகை மாடங்களை எழுப்பி அவற்றின் மேல் இருக்கைகளை ஏற்றியிருக்கிறார்கள். ரோமானியர் கடைசியாகக் கட்டிய அரங்குகளுள் ஒன்று இது. இதற்கு அருகிலேயே, அரச குடும்பத்தை வழிபடுவதற்கென எழுந்த கோயில் இருக்கிறது. சாந்தோ பூச்சோ இல்லாமல் வெட்டிப் பொருத்திய அதன் சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கத்திமுனை நுழைவதும் கடினம்.

கட்டடங்களை விஞ்சும் செல்வம் தரையில் கிடந்தது. பிலிப்புக்குப் பிறகும் இங்கே வசதியான குடும்பங்கள் வாழ்ந்தன என்பதற்கு, பெரும்பாலும் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் மொசைக் தரைகளே சாட்சி. ஒரு வீட்டின் தரைகளைப் பெயர்க்காமல், அதே இடத்தில் மேலே கூரை போட்டு அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அங்கே ஆர்ஃபியஸ் பாறைமேல் அமர்ந்து யாழ் மீட்ட, விலங்குகளும் பறவைகளும் மெய்மறந்து சூழ்ந்து நிற்கின்றன. காதல் தெய்வம் அஃப்ரொடைட்டியும் போர்த் தெய்வம் ஏரிஸும் இன்னொரு தரையில். ஏரிஸின் ஆயுதங்களைச் சிறகு முளைத்த குழந்தைகள் விளையாட்டுப் பொருளாக்கிக்கொண்டிருக்கின்றன. உருவங்களின் பக்கத்திலேயே கிரேக்க எழுத்தில் பெயர்கள் உண்டு. கடல்தேவி டெத்திஸ் கூந்தலில் நட்சத்திர மீன் சூடியிருக்கிறாள். அவளைச் சுற்றிலும் மீன்கள். கடலே கண்ணுக்கு எட்டாத எரிமலை நாட்டில், கடுகளவு வண்ணக்கற்களை நிழல் விழும் இடத்துக்கு ஒன்று, ஒளி படும் இடத்துக்கு ஒன்று எனத் தேர்ந்து பதித்த கைவினைஞர்கள் அவளுக்கு ஈரக் கண்களைத் தந்திருக்கிறார்கள். இங்கே கிடைத்த வேறு சில மொசைக்குகள் ஸுவைதா, டமாஸ்கஸ் அருங்காட்சியகங்களுக்குப் போயின.

கிறித்தவம் பரவிய பின் ஊருக்கு ஆயர் இருந்தார். 7ஆம் நூற்றாண்டில் ஆட்சி அரபு முஸ்லிம்கள் கைக்கு மாறியது. பிற்காலத்தில் பாதுகாப்பின்மையாலும் வரிச்சுமையாலும் ஹவ்ரானின் கிராமங்கள் பல காலியாயின.

அந்த வெற்று வீடுகளுக்குத்தான் துரூஸ்கள் வந்தார்கள். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில், ஃபாத்திமியக் கலீஃபா அல்-ஹாகிம் காலத்தில் தோன்றிய சமயம் அவர்களுடையது. 1043க்குப் பிறகு புதியவர் எவரையும் அது சேர்த்துக்கொள்வதில்லை. தங்களை அவர்கள் ‘முவஹ்ஹிதூன்’, அதாவது இறைவனின் ஒருமையை ஏற்றவர்கள், என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஊரார் வைத்த ‘துரூஸ்’ என்ற பெயரோ, அவர்களே வழிதவறியவர் என்று ஒதுக்கிய அல்-தரஸி என்ற போதகரிடமிருந்து வந்தது. மறைநூல்களைப் படிக்கும் உரிமை ‘உக்கால்’ எனப்படும் தீட்சை பெற்றவர்களுக்கு மட்டும். வெள்ளைத் தலைப்பாகையும் கறுத்த உடையும் அவர்களின் அடையாளம்.

லெபனான் மலைகளிலிருந்து இந்தக் குடிபெயர்வு 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. 1711இல் ஐன் தாராவில் துரூஸ் அணிகள் தமக்குள் மோதியதில் தோற்றவர்கள் திரளாக இங்கே வந்தனர். 1860இன் லெபனான் கலவரத்துக்குப் பின் இன்னொரு அலை. கல்வீடுகளைத் துப்புரவாக்கி, பெயர்ந்த கற்களை எடுத்து விட்டுப்போன சுவர்களை அடைத்து வாழத் தொடங்கினார்கள். ஷஹ்பாவில் ஆமிர் குடும்பத்தாரின் தலைமை நிலைத்தது. சுவிட்சர்லாந்துப் பயணி பர்க்ஹார்ட் 1810இல் இவ்வழியே வந்து இடிபாடுகளைக் குறித்துவைத்தார். இரண்டாண்டு கழித்துப் பெட்ராவைக் கண்டு ஐரோப்பாவுக்குச் சொன்னவரும் அவரே.

பின்னர் சிரியாவை ஆண்ட பிரெஞ்சு ஆட்சி 1921இல் துரூஸ்கள் வாழும் இந்த மலைப் பகுதியைத் தனி நிர்வாகமாக்கியது. 1925இல் சுல்தான் அல்-அத்ரஷ் தலைமையில் இங்கே மூண்ட கிளர்ச்சி சிரியா முழுவதும் பரவியது. இங்கிருந்து பிழைப்பு தேடி அர்ஜென்டினாவுக்குப் போனவர்கள் திரும்பும்போது ‘மாத்தே’ என்ற பச்சிலைப் பானத்தைக் கொண்டுவந்தார்கள். சிறு குவளையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி உலோகக் குழலால் உறிஞ்சும் அந்தப் பழக்கம் இன்று ஸுவைதா வீடுகளில் விருந்தோம்பலின் பகுதி.

பழைய நகரின் மேலேயே புதிய ஊர் உட்கார்ந்திருப்பதால் அகழ்வாய்வு துண்டு துண்டாகவே நடக்க முடிகிறது. வீட்டுக்கு அடியில் என்ன இருந்தாலும் வீட்டை அகற்ற முடியாது. 2025 ஜூலையில் ஸுவைதா மாகாணத்தில் வெடித்த மோதல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஷஹ்பாவை டமாஸ்கஸோடு இணைக்கும் நெடுஞ்சாலை அதன்பின் பல வாரங்கள் மூடிக் கிடந்தது.