ரோபோவைப் பற்றிப் பேச பத்து இங்கிலீஷ் வார்த்தைகள்



கட்டிங், ஸ்டிச்சிங், ஷிஃப்ட், ஓ.டி., பி.எஃப். - ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் நம் பெண்கள் இந்த வார்த்தைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்? வேலைக்குத் தேவைப்பட்டது, கற்றுக்கொண்டார்கள். பி.எஃப். என்ற வார்த்தை தெரிந்த பிறகுதான், "என் சம்பளத்துல எவ்வளவு பிடிச்சீங்க?" என்று கேட்க முடிந்தது.

இப்போது புதுப்பேச்சு ஒன்று கிளம்பியிருக்கிறது. "வயசானவங்களைப் பார்த்துக்க மனுஷன் மாதிரியே மெஷின் வந்துடுச்சாம்!" இதில் உண்மை எவ்வளவு? ஆஸ்பத்திரியிலோ, வேலை கேட்டுப் போகும் இடத்திலோ இந்தப் பேச்சு வந்தால் நாம் என்ன கேட்க வேண்டும்? பத்து வார்த்தைகள் தெரிந்தால் போதும்.

1. ரோபோ: சொல்லிக் கொடுத்த வேலையைத் தானே அசைந்து செய்யும் இயந்திரம். 1920-இல் காரல் சாப்பெக் என்ற செக் எழுத்தாளரின் நாடகத்தில் வந்த சொல் இது. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால், பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்த கட்டாய வேலை. நாம் 'வெட்டி வேலை' என்கிறோமே, அதுதான்.

2. ஹியூமனாய்டு: தலை, கை, உடம்பு என்று மனித உருவில் செய்த ரோபோ. 2010-இல் வந்த 'எந்திரன்' படத்துச் சிட்டி கதையில் வந்த ஹியூமனாய்டு. 2020-இல் இஸ்ரோ காட்டிய 'வியோமித்ரா' நிஜமானது. பெண் உருவம், ஆனால் கால் கிடையாது. எல்லா ரோபோவும் ஹியூமனாய்டு அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

3. கேர்கிவர்: முடியாதவரை உடனிருந்து பார்த்துக்கொள்பவர். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நேரத்துக்கு மாத்திரை கொடுப்பது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் 'கேர்'. வீட்டில் இதைச் செய்கிற மருமகளை "சும்மாதான் இருக்கா" என்பார்கள். இதே வேலைக்கு நகரத்தில் மாதச் சம்பளம் உண்டு. அதனால் இது வேலை என்று முதலில் நாம் சொல்லிப் பழக வேண்டும்.

4. அசிஸ்ட்: உதவி செய்தல். இதற்கு நம் வேலூரிலேயே உதாரணம் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனையும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'ப்ளூட்டோ' என்ற ரோபோவை உருவாக்கியிருக்கின்றன. முகமும் இல்லை, காலும் இல்லை. மேசைமேல் வைக்கும் பெட்டி மாதிரி இருக்கும். மோட்டார் ஒன்றுதான். மணிக்கட்டை அசைக்க ஒரு பிடி, விரல்களை மூடித் திறக்க ஒரு பிடி என்று மாற்றி மாட்டலாம். பக்கவாதத்தால் கை விழுந்தவர், திரையில் வரும் விளையாட்டைப் பார்த்துக்கொண்டே கையை அசைக்கிறார். அவரால் முடியாத மிச்சத்துக்கு மெஷின் கைகொடுக்கிறது. முயற்சி நோயாளியுடையது, எந்தப் பயிற்சி என்று முடிவு செய்வது தெரபிஸ்ட். மெஷின் செய்வது அசிஸ்ட் மட்டுமே.

5. டிரான்ஸ்ஃபர்: ஆஸ்பத்திரியில் இதற்கு, நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது என்று பொருள். பார்த்துக்கொள்கிறவரின் இடுப்பு ஒடிவது இந்த வேலையில்தான். ஜப்பானில் ரிக்கென் என்ற ஆராய்ச்சி நிறுவனம், 2015-இல் கரடி முகம் வைத்த 'ரோபியர்' என்ற ரோபோவை இதற்காகவே செய்து காட்டியது. அதன் எடையே 140 கிலோ. அது சோதனை அளவில் நின்றுவிட்டது, வீடுகளுக்கு வரவில்லை.

6. சென்சார்: சூடு, தொடுதல், எதிரே வரும் ஆள் ஆகியவற்றை உணரும் கருவி. கொரோனா நேரத்தில் கம்பெனி கேட்டில் நெற்றிக்கு நேரே பிடித்துச் சூடு பார்த்தார்களே, அதற்குள் இருந்தது சென்சார்தான். ஆனால் மாமியார் முகத்தைச் சுளித்துக்கொண்டே "ஒண்ணுமில்லம்மா" என்று சொன்னால், அவருக்கு வலிக்கிறது என்று அவரோடு பழகிய நமக்குத்தான் சட்டென்று தெரியும்.

7. ரிமோட்: தூரத்திலிருந்து இயக்குவது. 2025 அக்டோபரில் ஒன்-எக்ஸ் என்ற வெளிநாட்டு நிறுவனம், வீட்டு வேலைக்கென்று 'நியோ' என்ற ஹியூமனாய்டுக்கு முன்பதிவு தொடங்கியது. விலை 20,000 டாலர். நம் பணத்தில் 17 லட்சத்துக்கும் மேல்! அதற்குத் தெரியாத வேலை வந்தால், கம்பெனி ஆள் ஒருவர் தூரத்திலிருந்து இயக்குவார் என்று அவர்களே சொல்கிறார்கள். அதனால் மெஷினைக் கண்டு அசந்துவிடாமல், "ஹூ இஸ் கன்ட்ரோலிங் இட்?" என்று கேளுங்கள். இதை இயக்குவது யார் என்று அர்த்தம்.

8. பிரைவசி: நம் அந்தரங்கம். ரோபோவின் கண் கேமராதான். குளிக்க வைக்கும் இடத்திலும், துணி மாற்றும் இடத்திலும் அது பார்க்கும். படம் எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று கேட்பது நம் உரிமை.

9. கன்சென்ட்: விவரம் புரிந்து கொடுக்கும் சம்மதம். ஆஸ்பத்திரியில் நீட்டும் தாளில் கைநாட்டோ கையெழுத்தோ வைக்குமுன், "தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் "ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன்" என்றால் போதும்.

10. எமர்ஜென்சி ஸ்டாப்: ஆபத்து நேரத்தில் மெஷினை உடனே நிறுத்தும் பட்டன். தோல் வெட்டும் மெஷின் பலவற்றில், இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. அதுபோல எந்த ரோபோ பக்கத்தில் நின்றாலும், "ஸ்டாப் பட்டன் எங்கே?" என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

நம் பிள்ளைகளின் வேலை போய்விடுமா?

நர்சிங், ஹோம் கேர் பயிற்சிக்குப் பெண்ணை அனுப்பிய தாய்மார்களுக்கு இந்தப் பயம் வருவது நியாயம்தான். ரோபோ செய்வதில் முன்னால் நிற்கிற நாடு ஜப்பான். அந்த ஜப்பானே 2021 ஜனவரியில், திறமையான ஆட்களை அனுப்ப இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டது. அதில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் உண்டு. ஏஜென்ட் யாரிடமும் பணம் கட்டுமுன், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலும், 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கச் சேர்க்கப்பட்டவர்கள் மகளிர் குழுப் பெண்கள்தான். தூக்குகிற, தள்ளுகிற பாரத்தை நாளைக்கு மெஷின் வாங்கிக்கொண்டால் நம் இடுப்புக்கு நல்லது. ஆனால் 17 லட்சம் கொடுத்து மெஷின் வாங்க ஆள் இருக்கும் வேலைக்கு, அதைக் கையால் செய்கிற பெண்ணுக்கும் சரியான கூலி வேண்டும் என்று நாம் கேட்கலாம் அல்லவா?

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

* ஊக்குநர் பத்து வார்த்தைகளையும் வாசிக்க, உறுப்பினர்கள் பொருள் சொல்லட்டும்.

* ஒருவர் ஆஸ்பத்திரிக்காரராகவும் ஒருவர் நோயாளியின் மகளாகவும் நடித்து, ரிமோட், பிரைவசி, கன்சென்ட், ஸ்டாப் ஆகிய நான்கையும் கேள்வியாகக் கேட்டுப் பழகுங்கள்.

* உங்கள் குழுவில் எத்தனை பேர் வீட்டில் முடியாதவரைப் பார்த்துக்கொள்கிறார்கள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று எண்ணித் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஹோம் கேர் பயிற்சி வேண்டும் என்று கூட்டமைப்பில் கேட்க அந்தக் கணக்கு உதவும்.